எண்பத்தைந்தில் வரும் நடுக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் சிரிக்கிற ஆள் நான். தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. ஒரு மெஷின் நடுங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். போல்ட் தளர்ந்திருக்கும், பேரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ எடை ஒரு பக்கம் கூடியிருக்கும். இத்தனை வருடத்தில் காரணம் இல்லாத நடுக்கத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த மோட்டார் சைக்கிள் என் கைக்கு வரும் வரை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

என் பெயர் தர்ஷன். வீடு புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில். வேலை அலோர் காஜா பக்கம். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மாலை ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். நான் மோட்டாரைக் கிளப்பும்போது சரியாக மகரிப் நேரமாக இருக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். வானம் சிவந்து கிடக்கும். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் கறுக்கத் தொடங்கும். முகம் தெரிகிற வெளிச்சம் இருக்கும், ஆனால் யார் முகம் என்று தெரியாது. எல்லாமே அந்த நேரத்தில்தான் நடந்தது.

ஸ்போர்ட் மோட்டார் வாங்க வேண்டும் என்பது பதினேழு வயதில் வந்த ஆசை. கல்யாணம், வீடு, அது இது என்று தள்ளிப்போய் முப்பத்து நாலு வயதில்தான் நிறைவேறியது. இருநூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், கறுப்பு நிறம். செகண்ட் ஹேண்ட்தான். ஃபேஸ்புக்கில் பார்த்து ரெம்பியாவுக்குப் போனேன். விற்றவன் நிவேந்திரன், சின்னப் பையன். சாவியைக் கொடுக்கும்போது அவன் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்ல மோட்டார்ணே. என்ஜின்ல ஒரு குறையும் இல்ல" என்றான்.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என்ஜினில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பிரச்சினையே.

முதல் வாரம் புதுமாப்பிள்ளை மாதிரி ஓட்டினேன். அறுபது, எழுபது. வெண்ணெய் மாதிரிப் போனது. இரண்டாவது வாரம் கொஞ்சம் முறுக்கினேன். மீட்டரில் எண்பத்தைந்து வந்ததும் ஒரு நடுக்கம். மெல்லியதுதான். தொண்ணூறில் கூடியது. எண்பதுக்கு இறங்கியதும் சட்டென்று நின்றது.

பயப்பட ஒன்றுமில்லை. இந்த மாதிரி மோட்டாருக்கு ஏதாவது ஒரு வேகத்தில் அதிர்வு இருக்கத்தான் செய்யும். என்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றில் ஓடும்போது உடம்பும் சேர்ந்து அதிரும். பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பழகவில்லை. நாளுக்கு நாள் கூடியது.

அலோர் காஜாவில் கோகுலராஜ் என்ற மெக்கானிக், எங்கள் பேச்சில் போர்மன், எனக்குப் பழக்கம். மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "என்ஜின் மவுண்டிங் லூசு லா" என்றான். முறுக்கினான். அடுத்த வாரம் செயினை மாற்றினான். அதற்கு அடுத்த வாரம் இரண்டு டயரையும் கழற்றிப் பேலன்ஸ் பார்த்தான். ஒவ்வொரு தடவையும், "இப்ப பாரு பாஸ், ஓடுறதே தெரியாது" என்பான். ஒவ்வொரு தடவையும் எண்பத்தைந்தில் அது வரும்.

மூன்றாவது தடவை அவனாகவே மறுபடி ஓட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"தர்ஷன், இது எங்க அதிருது சொல்லு?"

"சீட்டுல."

"ஹெண்டல்ல?"

"இல்ல."

"கால்ல?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. கையிலும் இல்லை, காலிலும் இல்லை. என்ஜின் அதிர்ந்தால் முதலில் கைதான் மரத்துப் போகும். இதுவோ முதுகில்தான் வரும். முதுகிலும் இடுப்பிலும் மட்டும்.

"எனக்கும் முதுகுலதான்" என்றான் கோகுலராஜ். பிறகு, "எனக்குத் தெரியல பாஸ். வேற எங்கயாச்சும் காட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். கூலிகூட வாங்கவில்லை. கோகுலராஜ் கூலி வாங்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் மாலையே சோதனையை ஆரம்பித்தேன்.

முதலில் கியர். எண்பத்தைந்தை நாலாவது கியரில் ஓட்டினேன். பிறகு ஐந்தில். பிறகு ஆறில். கியர் மாறினால் என்ஜின் சுற்று மாறும். என்ஜின்தான் காரணம் என்றால் அதிர்வும் மாற வேண்டும். மாறவில்லை. எந்தக் கியராக இருந்தாலும் அதே எண்பத்தைந்து. வேகத்தோடு மட்டும்தான் அதற்குச் சம்பந்தம்.

அடுத்தது கண்ணாடி. மோட்டார் அதிர்ந்தால் பக்கக் கண்ணாடியில் எல்லாம் கலங்கித் தெரியும். ஓட்டுகிற யாருக்கும் இது தெரியும். தொண்ணூறில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வந்த லோரியின் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது. அவ்வளவு தெளிவு. மோட்டார் நடுங்கவில்லை.

ஆனால் என் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். மெஷின் நடுங்கினால் ஒரே சீராக நடுங்கும். இது அப்படி இல்லை. கொஞ்சம் நடுங்கும்... நிற்கும்... மறுபடி நடுங்கும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. மூச்சு வாங்குகிற மாதிரி.

மெஷினுக்கு மூச்சு வாங்காது.

நூறைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். தாண்டிய உடனே நடுக்கம் அடியோடு நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். அப்புறம்தான் இடுப்பில் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஏதோ இறுக்கியது. ஜாக்கெட் காற்றில் ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகத்தைக் குறைத்தேன். இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

புலாவ் செபாங் போகும் வழியில் ஓர் இறக்கம் உண்டு. நல்ல நீளம். இறக்கம் முடிகிற இடத்தில் இடது பக்கம் தோட்டத்துச் சாலை வந்து சேரும் முச்சந்தி, சிம்பாங் என்போம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அங்கேதான் வெளியே வரும். அன்று சாலையில் ஒரு வண்டியும் இல்லை. மேட்டில் தொண்ணூற்றைந்து வைத்தேன். கிளட்சைப் பிடித்தேன். என்ஜினை அணைத்தேன்.

சத்தம் நின்றது.

காற்றுச் சத்தம் மட்டும். டயர் உருளும் சத்தம் மட்டும். என்ஜின் செத்துக் கிடக்கிறது. தொண்ணூற்று மூன்று... தொண்ணூறு...

நடுக்கம் அப்படியே இருந்தது.

எண்பத்தெட்டு...

அப்போதுதான் கேட்டது. என்ஜின் சத்தத்தில் இத்தனை நாள் கேட்காமல் போனது. என் காதுக்குப் பின்னால்.

டக்டக்டக்டக்...

பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தம்.

எண்பத்து நாலு.

நின்றது.

சிம்பாங்கைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.  திரும்பிப் பார்த்தேன். பின் சீட் காலியாக இருந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு காற்றில் வந்த சீட் சில்லென்று இருக்க வேண்டும்.

சூடாக இருந்தது.

இதை என் மனைவி அகல்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மோட்டாரை விற்கச் சொல்வாள். ஆசைப்பட்டு வாங்கிய பொருளை ஒரு பல் சத்தத்துக்காக விற்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. ஹெல்மெட் கொக்கி அடித்திருக்கும், வெயில் பட்டுச் சீட் சுட்டிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஏழு மணிக்கு என்ன வெயில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவில் அகல்யாவின் அக்காள் வீட்டில் சாப்பாடு. இருவரும் மோட்டாரில்தான் போனோம். திரும்பும்போது மகரிப் ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்தவுடன் அவள் சிரித்தாள்.

"என்ன, இவ்ளோ முன்னாடி தள்ளி உக்காந்திருக்கீங்க? நடுவுல இன்னொரு ஆளு உக்காரலாம் போல."

நான் எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

 மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனால் அந்த இறக்கத்தில் பின்னால் ஒரு லோரி வந்து ஒட்டியது. அதற்கு வழிவிடாமல் முறுக்கினேன். எண்பத்தைந்து. இரண்டு கைகள் என் இடுப்பை வளைத்துப் பிடித்தன. இறுக்கமாக. நடுங்கிக்கொண்டு. பாவம், அகல்யா பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். சிம்பாங் வந்ததும் பிரேக் பிடித்து லோரியைப் போகவிட்டேன்.

வீட்டு வாசலில் இறங்கியவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சலா?"

"ஏன்?"

"அப்படி நடுங்குனீங்க. உடம்பெல்லாம்."

"நடுங்குனது நீதானே? இடுப்ப நசுக்கிட்ட."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நான் உங்களத் தொடவே இல்ல. ரெண்டு கையாலயும் பின்னாடி கம்பியத்தான் புடிச்சிருந்தேன்."

ஜாக்கெட்டுக்கு மேல் இடுப்பைத் தடவிப் பார்த்தேன்.

"பிரேக் போட்டப்ப மட்டும் முன்னாடி சாஞ்சேன்" என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது. "கன்னத்துல துணி பட்டுச்சு. சேலைத் துணி."

நான் போட்டிருந்தது நைலான் ஜாக்கெட்.

அன்று இரவு விளக்கை அணைக்காமல் படுத்தோம். அகல்யா மோட்டாரை விற்கச் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு. "வித்தா அதையும் சேர்த்துத்தான விப்பீங்க? வாங்குறவன் என்னா பாவம் பண்ணான்? அந்தப் பையன்கிட்ட பேசுங்க." அவள் சொன்னதுதான் சரி.

மறுநாள் நிவேந்திரனுக்கு போன் செய்தேன். 'மோட்டார்' என்று ஆரம்பித்ததுமே, "அதிருதாண்ணே?" என்று கேட்டான்.  அவன் அழ ஆரம்பித்தான்.

அலோர் காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். தேத்தண்ணி ஆறிப் போகும் வரை அவன் குடிக்கவே இல்லை.

அவன் அம்மா அந்த சிம்பாங்கில்தான் இறந்திருக்கிறார். பஸ்ஸில் இருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும்போது லோரி அடித்துவிட்டது. அப்படி விபத்தில் போனவர்களின் உயிர் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று எங்கள் ஆட்களில் பலருக்கு நம்பிக்கை. காரியம் முடிவதற்குள் போய்க் கூட்டிவர வேண்டும். அந்த இடத்தில் சூடம் ஏற்றி, ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, 'வாங்க, ஏறுங்க, வீட்டுக்குப் போகலாம்' என்று கூப்பிட வேண்டும். வழியில் எங்கும் நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலுக்கு வந்ததும், 'இறங்குங்க, வீடு வந்துவிட்டது' என்று சொல்ல வேண்டும். நிவேந்திரன் ஒரே பிள்ளை. இந்த மோட்டாரில்தான் போய் அழைத்து வந்திருக்கிறான்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். எறங்குங்கன்னு சொல்ல முடியலண்ணே. சொன்னா முடிஞ்சிருமே... அழுகை வந்துருச்சு. சாவியப் போட்டுட்டு உள்ள ஓடிட்டேன். மண்ண அப்பா எடுத்து வச்சாரு."

"அப்புறம் யாரும் சொல்லலையா?"

"இல்லண்ணே. அந்த மோட்டாரப் பாக்கவே முடியல. வித்துட்டேன்."

யாரும் இறங்கச் சொல்லவில்லை. அதனால் இறங்கவில்லை. இத்தனை வாரமாக என் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். நான் முறுக்கும்போதெல்லாம் பயத்தில் நடுங்கியிருக்கிறார். எனக்குப் பயம் போய் வேறு ஏதோ வந்தது.  ஒரு அம்மாவை வைத்துக்கொண்டா நான் கியர் மாற்றிச் சோதனை செய்தேன்?

"வெள்ளிக்கிழமை கொண்டு வரேன் தம்பி" என்றேன். "நீயே உன் வாயால சொல்லு."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக ரெம்பியாவுக்கு விட்டேன். ஐம்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். "பயப்படாதீங்கம்மா, மெதுவாத்தான் போறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். முதுகில் ஒரு நடுக்கமும் இல்லை.

வாசலில் நிவேந்திரனும் அவன் அப்பா தங்கையாவும் நின்றிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, சூடம், எல்லாம் தயாராக இருந்தது. என்ஜினை அணைத்தேன். இறங்காமல் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் இருந்தேன். நிவேந்திரன் பின் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தான். உதடு துடித்தது.

"அம்மா... எறங்குங்கம்மா. வீடு வந்துருச்சு."

ஒன்றும் நடக்கவில்லை.

எங்கேயோ பாங்கு முடிந்தது.

பிறகு...

க்ரீச்ச்ச்.

பின் சக்கரத்து ஷாக் அப்சோபர். பாரம் இறங்கினால் வருமே, அந்தச் சத்தம். மோட்டாரின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. என் உடம்போடு சேர்ந்து எழும்பியது. மூன்று பேரும் பார்த்தோம்.

கேட்டில் செருகியிருந்த வேப்பிலை ஒருமுறை ஆடியது. தங்கையா கதவை அகலத் திறந்துவிட்டார். "உள்ள வா புள்ள" என்றார்.  நிவேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது எண்பத்தைந்து வைத்தேன். தொண்ணூறு வைத்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து நிவேந்திரன் போன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை.

"அண்ணே, அந்த அதிர்வு எந்த வேகத்துல வரும்?"

"எண்பத்தஞ்சு. ஏன்?"



"அது பயந்து நடுங்குறதுன்னுதானே நெனச்சீங்க..."

"ஆமா."

"எங்கம்மாவுக்கு வேகம்னா பயமே கெடையாதுண்ணே. என் பின்னாடி உக்காந்து நூத்தி இருவது போயிருக்காங்க. பத்தலன்னா எடது தோள்ல ரெண்டு தட்டு தட்டுவாங்க. இன்னும் வேகமா போடான்னு அர்த்தம். சிரிச்சிக்கிட்டே வருவாங்க."



"வீட்டுல என்னாச்சு தம்பி?"

"வெளிய ரோட்டுல எவனாச்சும் மோட்டார வேகமா வுட்டா, அடுப்படியில மங்கு, தட்டு எல்லாம் கடகடன்னு நடுங்குது. அலமாரிக்குப் பின்னாடி பல்லோட பல் அடிச்சிக்கிற சத்தம் கேக்குது. அப்பா தூங்கறதே இல்ல. முப்பது வருசம் கூட வாழ்ந்தவருண்ணே. இது உங்கம்மா இல்லடாங்குறாரு."

பூசாரியிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பூசாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். 'சிம்பாங்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயா?'

"பெத்தவங்கள எப்படிண்ணே பேர் சொல்லிக் கூப்புடுறது?" என்றான் நிவேந்திரன். "அம்மான்னுதான் கூப்பிட்டேன். அம்மா ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்னு..."

அந்த சிம்பாங்கில் எத்தனை வருடமாக விபத்து நடக்கிறது. எத்தனை பேர் போயிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் யாருக்கோ அம்மா. 'அம்மா, ஏறுங்க' என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு கூப்பிட்டால்... பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தி ஏறிவிட்டாள். வேகத்துக்குப் பயந்த ஒருத்தி.

வாசலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். 'அம்மா' என்றோம், 'புள்ள' என்றோம். மூன்று பேரில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அவர் பெயர் புனிதா.

இப்போது நிவேந்திரன் வெள்ளிக்கிழமைதோறும் மகரிப் நேரத்தில் அந்த சிம்பாங்கில் வந்து நிற்கிறான். ஒரு பழைய சின்ன மோட்டார், காப்சாய், வாங்கியிருக்கிறான். அதை ஓரமாக நிறுத்தி, சூடம் ஏற்றி, பெற்ற தாயைச் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறான். "புனிதா... புனிதா... ஏறும்மா." சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். பார்க்கச் சகிக்காது. ஒன்றும் வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான் அந்த வழியாக வந்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தொந்தரவு செய்யக் கூடாது என்று வேகத்தைக் குறைத்து, ஏறக்குறைய நிறுத்தி, அவனைக் கடந்தேன்.

"புனிதா... வாம்மா... நம்ம மோட்டாருல ஏறு..."

க்ரீச்ச்ச்.

என் பின் அப்சோபர் இறங்கியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கவும் இல்லை. அந்தக் காப்சாயை அவருக்குத் தெரியாது. இந்த மோட்டாரைத்தான் தெரியும்.

அறுபது... எழுபது...

எண்பத்தைந்து.

நடுக்கம் இல்லை.

தொண்ணூறு. இல்லை.

இடது தோளில்...

தட்.

தட்.

இன்றுவரை நிவேந்திரனிடம் இதை நான் சொல்லவில்லை. அவன் அம்மா என் பின்னால்தான் இருக்கிறார். அழைத்துப் போகத்தான் ஆசை. ஆனால் அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். கூப்பிட்டோம், வந்தாள், கதவைத் திறந்து விட்டோம். இனி அவளை எந்தப் பெயர் சொல்லி வெளியே கூப்பிடுவது?